ஏழாம் நம்பர் சாலையில் ஆறு நாள்

(நமது பங்கின் பொன்விழாவின் இரண்டாம் நாள் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொன்விழாவுக்கு வந்தவர்களிடம் பங்கின் வரலாற்றைப் பேசுவதுதான் முறை. ஆனால் அந்த வேலையை நேற்றே நமது உபதேசியார் ஐயா என்னைவிட அழகாகச் செய்து முடித்துவிட்டார். எனக்கு மிச்சம் வைத்தது ஒன்றே ஒன்று. இரண்டு வாரத்துக்கு முன் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "சாமி, நம்ம கோயில் வேன் பின்கதவைத் திறந்தா உள்பக்கம் எம்.எச். 31 என்று பழைய பெயிண்டில் எழுதியிருக்கே, அது என்ன?" என்றார்கள். எம்.எச். என்றால் மகாராஷ்டிரம், 31 என்றால் நாகபுரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். இன்று முழுப் பதிலையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல உரியவனிடம் தொலைபேசியில் அனுமதி வாங்கிவிட்டேன். "பேரை மட்டும் சொல்லாதே" என்றான். ஆகையால் அவன் இந்த உரை முழுவதும் 'நண்பன்' என்றே இருப்பான்.

கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையே நெடுஞ்சாலையை விட்டு மேற்கே பிரிகிற கரிசல்காட்டு ஊர் ஒன்று எங்கள் இருவருக்கும் சொந்த ஊர். ஒரே தொடக்கப் பள்ளியில் படித்து, ஒரே ஆண்டில், ஒரே பேருந்தில், ஆளுக்கு ஒரு தகரப் பெட்டியுடன் சிறு குருமடத்துக்குப் போனோம். அவன் கெட்டிக்காரன். லத்தீன் வாய்பாடு எனக்கு மூன்று நாள் ஆனால், அவனுக்கு ஒரு மாலைப்பொழுது. 1992-ஆம் ஆண்டு, வேதசாஸ்திரம் இரண்டாம் வருடம் முடியும் வேளையில், தனக்கு இந்த அழைத்தல் இல்லையென்று அதிபர் சுவாமியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். திருட்டுத்தனமாக ஓடவில்லை. முறைப்படிச் சொல்லிக்கொண்டுதான் வந்தான்.

அவனுடைய தகப்பனார் கடைசி மகனைக் கோயிலுக்கு என்று நேர்ந்துவிட்டவர். ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். செய்தி கேட்டதும் என்னைத்தான் வரச் சொன்னார். "சாமி, அவன் என் வாசலை மிதிக்க வேண்டாம். நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார். அப்போது நான் குருப்பட்டம் பெறாத பிரதர்தான், ஆனாலும் அவருக்கு நான் சாமி. எனக்கு வயது 23. கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்துச் சொன்னேன். கிழவர் வருத்தத்தோடு சொன்னதை நான் கோபத்தோடு சொன்னேன் என்பதே உண்மை. அவன் குருமடத்தை விட்டான் என்பதைவிட, என்னைத் தனியே விட்டுப் போகிறான் என்ற கோபம் எனக்கு. அவன் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. வடக்கே போனான். நாகபுரியில் லாரிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, மிஸ்திரியாகி, மராத்திக் குடும்பத்துப் பெண்ணை மணந்து, பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தான். 1996-இல் எனக்குக் குருப்பட்டம் ஆனபோது 101 ரூபாய் மணியார்டர் வந்தது. கூப்பனில் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை, முகவரி மட்டும் இருந்தது.

இனிதான் நான் சொல்ல வேண்டியது. 2004-ஆம் ஆண்டு ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தேர் நிலைக்கு வந்த பிறகு அந்தப் பெரியவர் என்னைத் தனியே அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, அன்னைக்கு நான் சொன்னதை நீங்கதான் கொண்டு போனீங்க. நீங்களே திரும்ப எடுத்திருங்க" என்றார். வேறு யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற மகளிடம்கூட. தான் சொன்ன சொல்லைத் தானே திரும்பப் பெறுவது அந்தத் தலைமுறை ஆண்களுக்கு எத்தனை கடினம் என்று இங்கே இருக்கும் முதியோருக்குத் தெரியும்.

நான் ஒரு கடிதம் எழுதினேன். எட்டு வருடத்துக்கு முந்தைய மணியார்டர் முகவரிக்கு. மூன்று வாரத்தில் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது. அதை என் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். அடுத்த மாதம் எனக்குப் பங்கு மாற்றம். புதுப் பங்கில் கோயில் கட்டும் வேலை. மறுவருடம் பெரியவர் கண்ணாலேயே கேட்டார். "எழுதியிருக்கேன்" என்றேன். பொய்யில்லை, மெய்யும் இல்லை. அவனுடைய அக்காள் 2007 முதல் தகப்பனாருக்குத் தெரியாமல் அவனோடு செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் கேட்கவில்லை. 2009-இல் அவன் தாயார் காலமானார். அடக்கப் பூசை வைத்தது நான்தான். பெரியவர் குழியைப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் வரவில்லை.

அந்த அக்காளிடம் எண்ணை வாங்கியது 2020 மார்ச்சில்தான், நாகபுரியில் குருக்கள் கூட்டம் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தபோது. ஐந்து நிமிடம்தான் ஆயிற்று.

கூட்டம் முடிந்து அவன் வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்று போனேன். மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு என்றார்கள். அன்றே பயணிகள் ரயில்கள் நின்றன. 25-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் முடங்கியது. இரண்டு நாள் விருந்தாளி ஏழு வாரம் இருந்தேன். அவன் மனைவி எனக்காகச் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டாள். மகள் மருத்துவமனையில் செவிலி, நோயாளிகளோடு பழகுவதால் வீட்டுக்கு வராமல் விடுதியிலேயே இருந்தாள். ஒவ்வொரு இரவும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் பழைய கதை பேசுவோம். ஒவ்வொரு இரவும் 'நாளைக்குச் சொல்லிவிடலாம்' என்று படுப்பேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து முப்பது ஆண்டாகப் பாவங்களைக் கேட்கிறவர்களும் சொல்ல வேண்டிய இடத்தில் இப்படித்தான், தெரிந்துகொள்ளுங்கள்.

மே 9-ஆம் தேதி அக்காளிடமிருந்து அழைப்பு வந்தது. 86 வயதுத் தகப்பனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். அந்த வயதில் அறுவை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "தூரத்துல நின்னாவது பாத்துட்டுப் போடா" என்று அவள் அழுதாள். நண்பன் அன்று மாலையே வேனைப் பிரித்துப் பூட்டத் தொடங்கினான். "வாசலை மிதிக்க மாட்டேன், தெருமுனையில நின்னு பாத்துட்டு வந்துருவேன்" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வேன்தான் வெளியே நிற்கிற மாருதி ஆம்னி. 2011-ஆம் ஆண்டு வண்டி. ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஆம்னிக்கு எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. நாகபுரியில் மே மாதம் 45 டிகிரி. கீழே அடுப்பு, மேலே வெயில். நனைத்த சாக்கை மடித்து இருக்கையில் போட்டு உட்கார்ந்தோம். அரை மணிக்கொரு தரம் சாக்குக் காய்ந்துவிடும்.

மே 11 திங்கள்கிழமை அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். மருத்துவச் சான்று, மகாராஷ்டிரப் பயண அனுமதி, தமிழ்நாட்டு இ-பாஸ் எல்லாம் நெகிழி உறையில். அவன் மனைவி நாற்பது சோளப் பாக்கரி தட்டி, மிளகாய்த் தேச்சா ஒரு டப்பா நிறையக் கொடுத்தாள். மூன்று நாள் முன்பு, மே 8 அன்று அவுரங்காபாத் பக்கத்தில் ரயில் பாதையில் படுத்துறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்திருந்தார்கள். அந்தச் செய்தி அவளை ஆட்டி வைத்திருந்தது. "எங்கே தூங்கினாலும் வண்டிக்குள்ளேயே தூங்குங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நாங்கள் பிடித்த சாலைக்கு இப்போது 44 என்று எண். 2010-இல் எண்களை மாற்றுவதற்கு முன்பு வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை அது 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, 2,369 கிலோமீட்டர். லாரிக்காரர்கள் இன்னும் 'ஏழாம் நம்பர் ரோடு' என்றுதான் சொல்கிறார்கள். நண்பனும் அப்படியே. நாகபுரியில் அதில் ஏறினால் கோவில்பட்டியில் இறங்கலாம், வழி கேட்கவே தேவையில்லை. "இருபத்தெட்டு வருஷமா என் பட்டறை வாசல்ல போற ரோடு ஊருக்குத்தான் போகுது. தினமும் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றான்.

விடியும் முன்னே ஹிங்கன்காட் என்ற ஊரைக் கடந்தோம். அங்கே ஒரு வெள்ளைக்காரர் கல்லறை இருக்கிறது. வில்லியம் லாம்டன் என்பவர். 1802 ஏப்ரல் 10 அன்று நமது சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து இந்திய நில அளவையைத் தொடங்கியவர். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே, ஏறக்குறைய இந்தச் சாலை போகிற போக்கிலேயே, முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்துகொண்டு போனார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கிவிட்டது. அவரே கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதை நேராக்கினார் என்பார்கள். 1823-இல் ஹிங்கன்காட்டில் இறந்துபோனார். இதையெல்லாம் நண்பன் சொன்னான், நான் படித்திருந்தும் மறந்திருந்தேன். "அவரு நம்ம பக்கத்துல ஆரம்பிச்சு இங்க வந்து முடிஞ்சுட்டாரு. நானும் அப்படித்தான்னு நெனச்சேன்" என்றான். கருவியைத் தட்டி நேராக்கிய கதையைத்தான் அவன் ரசித்துச் சொன்னான். மிஸ்திரி அல்லவா!

வெளிச்சம் வந்ததும் சாலையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தோம்.

பங்கு மக்களே, அதை எப்படிச் சொல்வேன்! நாங்கள் தெற்கே போகிறோம். அவர்கள் வடக்கே வருகிறார்கள், நடந்து. பத்துப் பேர், இருபது பேர், பிறகு நான்கு பேர், பிறகு ஐம்பது பேர். ஐதராபாத்தில் கட்டட வேலை நின்றுபோய், மத்தியப் பிரதேசத்துக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் போகிறவர்கள். தலையில் மூட்டை, தோளில் பிள்ளை. ஒருவர் பெயிண்ட் வாளிக்குள் அடுப்புச் சாமான்களை அடுக்கித் தூக்கி வந்தார். செருப்பு அறுந்தவர்கள் தண்ணீர்ப் புட்டியை நசுக்கிக் காலில் கட்டியிருந்தார்கள். பாண்டர்கவடா தாண்டி ஒருவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். ஏற்றிக்கொள்ளக் கேட்கவில்லை, நாங்கள் போவதோ எதிர்த் திசை. "நாகபுரி இன்னும் எவ்வளவு?" என்று கேட்டார். நண்பன் வண்டியின் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தான். 160-க்கு மேல் காட்டியது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு உள்ளதைச் சொன்னான். அவர் தலையை அசைத்துவிட்டு நடந்தார். அவர் ஊர் நாகபுரிக்கும் அப்பால் எங்கேயோ.

நண்பன் பாக்கரி மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். நான் "நமக்கு இரண்டு வேளைக்காவது வை" என்றேன். சொன்னது நான்தான், குருவானவர். நடுப்பகலுக்குள் நாற்பதும் தீர்ந்தது. தேச்சா டப்பா மட்டும் மிச்சம்.

பென்கங்கா ஆற்றுப் பாலம்தான் மாநில எல்லை. அங்கே நான்கு மணி நேரம் நின்றோம். தாள்களைப் பார்த்து, நெற்றியில் வெப்பமானியைக் காட்டி, தெலங்கானத்தில் எங்கேயும் தங்காமல் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். அதிலாபாத் தாண்டி, மலைச்சரிவு இறங்கி நிர்மல் வந்தபோது மணி ஐந்து. மரப் பொம்மைகளுக்குப் பேர்போன ஊர், ஒரு கடை திறக்கவில்லை. சாலையோரம் பந்தல் போட்டு இளைஞர்கள் சிலர் நடந்து வருகிறவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது ரம்ஜான் மாதம். நோன்பிருக்கிற பிள்ளைகள், தாங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் பிறருக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். எங்களிடமும் இரண்டு பொட்டலம் நீட்டினார்கள். "நடந்து வருகிறவர்களுக்குக் கொடுங்கள், நாங்கள் வண்டியில் போகிறவர்கள்" என்றேன். நண்பன் இந்தியில் சொன்னான். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். "வண்டியில வர்றவனுக்கு வயிறு இல்லையா"ன்னு கேக்கான்லே, வாங்கு" என்றான் நண்பன். கோதாவரியைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் அந்தத் தக்காளிச் சோற்றைத் தேச்சாவைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். அன்றிரவு காமாரெட்டிக்கு அருகே பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டிக்குள்ளேயே கிடந்தோம். தங்கக்கூடாது என்பது நிபந்தனை, கண் சொக்குகிறது, என்ன செய்வது!

இரண்டாம் நாள் ஐதராபாத் நகருக்குள் போகாமல் வெளிவட்டச் சாலையைச் சுற்றிக்கொண்டு தெற்கே இறங்கினோம். கிருஷ்ணா ஆற்றைக் கடந்தோம், துங்கபத்திரையைக் கடந்தோம். கர்நூல் மாவட்டத்தில் அப்போது தொற்று மிக அதிகம். எல்லைச் சோதனையில் இரண்டு மணி நேரம் போயிற்று. வெயில் தாழும் நேரம் டோன் என்கிற ஊருக்குச் சற்று முன்னால் வண்டியில் புகை கிளம்பியது. ரேடியேட்டர் ஓஸ் வெடித்துவிட்டது.

பட்டறை இல்லை, கடை இல்லை. என்னுடைய சாக்கு, குடிதண்ணீர் எல்லாம் எஞ்சினுக்குப் போயிற்று. நண்பன் பெட்டியிலிருந்து பழைய சைக்கிள் டியூப் எடுத்து நாடாவாகக் கிழித்து ஓஸைச் சுற்றிக் கட்டினான். டார்ச் விளக்கைப் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு. இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டதும், "இனி எஞ்சின் ஆறணும். விடிஞ்சுதான் போக முடியும்" என்று கையைத் துடைத்துக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்தான். சுற்றிலும் மானாவாரிக் காடு, நம்மூர்க் கரிசல் மாதிரியே. அவன் சொன்னான்: "அய்யா என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, அக்காகிட்ட நான் வரலைன்னு சொல்லச் சொல்லிட்டுப் போயிருவேன். நீ மட்டும் போய் அவருக்கு அவஸ்தைப்பூசுதல் குடு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வண்டிக்குள் இருந்த செபப் புத்தகத்தை எடுத்து, அதிலிருந்த உறையை அவன் கையில் கொடுத்தேன். அஞ்சல் முத்திரை 2004. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அவன் டார்ச் வெளிச்சத்தில் பிரித்துப் படித்தான். ஒரு பக்கக் கடிதம். 'உன் தகப்பனார் அன்று சொன்னதை எடுத்துவிட்டார், உடனே புறப்பட்டு வா' என்பதுதான் சாரம். படித்தான். மடித்தான். மறுபடி பிரித்துத் தேதியைப் பார்த்தான். "இது திரும்பி வந்த பொறகு?" என்று கேட்டான். "பிறகு ஒன்றும் செய்யவில்லை" என்றேன். "அம்மா?" என்றான். அந்த ஒரு சொல்தான். நான் தலை குனிந்தேன்.

அவன் என்னை அடித்திருக்கலாம். சிறு பிள்ளையில் அடித்திருக்கிறான். எழுந்து போய் வண்டிக்கு முன்னால் சாலையோரம் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான். மனைவி சொன்னதை மறந்து வெளியே படுத்தது அன்று ஓரிரவுதான். நான் வண்டிக்குள் விழித்திருந்தேன்.

விடிந்து புறப்பட்டோம். டோனிலிருந்து அனந்தப்பூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கூத்திக் கோட்டை மலைமேல் வெயில் பட்டுச் செக்கச்செவேலென்று தெரிந்தது. மற்ற நேரமாக இருந்தால் அவன் அதற்கும் ஒரு கதை சொல்லியிருப்பான். வாய் திறக்கவில்லை. நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகள் எனக்கு நிறையத் தெரியும், மூன்று மொழியில் தெரியும். அந்த நூறு கிலோமீட்டரில் ஒன்றையும் எடுக்க முடியவில்லை. அனந்தப்பூர் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினான். "ரேடியேட்டர்ல தண்ணி பாரு" என்றான். இறங்கிப் பார்த்து ஊற்றினேன். மூடியைத் திருகும்போது, "பதினாறு வருஷம்லே" என்றான். "ஆமா" என்றேன். வண்டியை எடுத்தான்.

'லே' என்றான் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு நான் கர்நாடகத்தைக் கடந்தேன்.

அன்றிரவு ஓசூரில் எல்லைச் சோதனை. மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறவர்கள் என்றதும் மூக்கில் குச்சி விட்டுச் சோதனை எடுத்து, முடிவு வரும்வரை பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் இருக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் இருந்தோம். ஒரு வகுப்பறையில் இந்தக் கோடியில் அவன் பாய், அந்தக் கோடியில் என் பாய், நடுவே பெஞ்சுகள். இரண்டாம் நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு அவன் பேசினான். தாயார் இறந்த அன்று பட்டறையைப் பூட்டிக்கொண்டு நாகபுரி ரயில் நிலையம் வரை வந்தானாம். டிக்கெட்டும் எடுத்தானாம். வண்டி வந்து நின்று போய்விட்டதாம். "வாசலை மிதிக்காதேன்னு சொன்ன வீட்டுல, அம்மாவைத் தூக்கும்போது சண்டை வந்துரக்கூடாதுன்னு நெனச்சேன்" என்றான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் சொன்ன வார்த்தை அவ்வளவு தூரம் அவனோடு பிரயாணம் செய்திருக்கிறது. திருப்பி எடுக்கும் வார்த்தையோ என் புத்தகத்தைத் தாண்டவில்லை. அவன் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "காலைல பல் தேய்க்க வேப்பங்குச்சி ஒடிச்சு வச்சிருக்கேன், சன்னல்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

முடிவு நல்லபடியாக வந்து, மே 16 சனிக்கிழமை அதிகாலையில் விட்டார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய், சேலம். நாமக்கல் புறவழிச் சாலையில் ஒரு லாரி உரிமையாளர் டிபன் கேரியரோடு காத்திருந்தார். நாகபுரியில் அவருடைய வண்டிகளை இவன்தான் பார்ப்பான். கேரியரைப் பாலத்துச் சுவரில் வைத்துவிட்டு இருபது அடி தள்ளி நின்றுகொண்டு, "மிஸ்திரி, நல்லாச் சாப்பிடுங்க! கேரியரை அங்கேயே வச்சுட்டுப் போங்க, பூசாமி வந்து எடுத்துக்கிடுவான்" என்றார். பூசாமி அவருடைய கிளீனராக இருக்க வேண்டும். ஆறு நாளில் முதல் இட்லி. கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர் எல்லாம் காலியாகக் கிடந்த சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறைந்தன.

கோவில்பட்டி தாண்டி எங்கள் ஊர் பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கிற்று. "நீ ஓட்டுலே, என்னால முடியாது" என்றான். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவன், ஆறு கிலோமீட்டர் ஓட்ட முடியவில்லை. எனக்கோ வண்டி ஓட்டும் லட்சணம் உங்களுக்குத் தெரியும். இரண்டாவது கியரிலேயே ஊர் வரை கொண்டுபோனேன்.

ஊரில் முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தோம். கிராம நிர்வாக அலுவலரும் சுகாதார ஆய்வாளரும் காத்திருந்து, பதினான்கு நாள் தனித்திருக்க எங்களுக்குத் தொடக்கப் பள்ளியைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் படித்த அதே பள்ளி. தெருவுக்கு இந்தப் பக்கம் பள்ளி, அந்தப் பக்கம் அவன் வீடு. நடுவே நாற்பது அடி. பெரியவரைக் கயிற்றுக் கட்டிலோடு திண்ணைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தாள் அக்காள். அவருக்குக் காது முற்றிலும் மந்தம். பக்கத்தில் போய்க் காதோடு பேசினால்தான் கேட்கும். பக்கத்தில் போகத்தான் வழியில்லை.

ஆகவே இருபத்தெட்டு வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் உரத்த குரலில், தெருவே கேட்கத்தான் நடந்தது.

"யாருலே அது பள்ளிக்கூடத்துல?" என்றார் பெரியவர். "சின்னவன் வந்திருக்கான்யா" என்று அக்காள் காதில் கத்தினாள். "எந்தச் சின்னவன்?" நண்பன் பள்ளிக்கூடத்துப் படியில் நின்றுகொண்டு, "நான்தான்யா" என்றான். கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னான், கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லச் சொல்லு" என்றார். அவன் பலங்கொண்ட மட்டும் "அய்யா, நான்தான் வந்திருக்கேன்!" என்று கத்தினான். வீடுகளிலிருந்து முகக்கவசம் கட்டிய சனம் வாசலுக்கு வந்துவிட்டது. பெரியவர் கையை நெற்றிக்குக் குடையாக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "சாப்பிட்டானான்னு கேளு" என்றார்.

அப்புறம் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "சாமி, எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். தெருவில் யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. "எடுத்துட்டேன் பெரியவரே! ரொம்ப நாளாக்கிட்டேன்!" என்று கத்தினேன். அது அவர் காதில் விழுந்ததோ என்னவோ. "ஆமா, ரொம்ப நாளாச்சு" என்றார்.

பதினான்கு நாளும் அப்பனும் மகனும் தெருவின் இரு கரையிலிருந்து கத்திக் கத்திப் பேசினார்கள். மாட்டு விலை, மழை, நாகபுரிப் பேத்தி, பிறகு அம்மாவின் கடைசி நாட்கள். ஊருக்கே தொண்டை கட்டியதுபோல் இருந்தது. பதினைந்தாம் நாள் காலை நண்பன் குளித்துவிட்டு, ஒரு சவரக்கத்தியும் குவளைத் தண்ணீரும் கையிலெடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தான். வாசற்படிக்கு முன்னால் ஒரு நொடி நின்றான். பெரியவர், "மிதிச்சு ஏறி வாடா" என்றார். இரண்டு மாதத் தாடியை மழித்துவிட்டுத்தான் மகன் எழுந்தான். நான் பள்ளிக்கூடத்துப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். 2021 சனவரியில் அவர் இறந்தபோது நண்பன் நேரத்துக்கு வந்து சேர்ந்து, மனைவியும் மகளும் உடன் நிற்க, பாடையில் தலைமாட்டைத் தோளில் சுமந்தான்.

வேன் கதைக்கு வருகிறேன். 2020 செப்டம்பரில் அவன் ரயிலில் நாகபுரிக்குத் திரும்பும்போது சாவியை என் கையில் வைத்தான். "ரெண்டாம் வருஷம் வேதசாஸ்திரம் வரைக்கும் படிச்சவன்லே நான். அபராதம் குடுக்க எனக்கும் தெரியும்" என்றான். "நடக்க முடியாத கிழடுகளை ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கூட்டிட்டு வா. டிரைவர் வைக்காதே, நீயே ஓட்டு." இதுதான் எனக்கு அவன் இட்ட அபராதம். அதனால்தான் பதிவெண்ணை மாற்றி, அந்த வண்டியை எந்தப் பங்குக்குப் போனாலும் கொண்டு போகிறேன். அதனால்தான் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு உங்கள் பங்குத்தந்தை தெருத் தெருவாக இரண்டாவது கியரில் ஊர்ந்து வருகிறான்.

நாளை நிறைவுத் திருப்பலிக்கு வர வேண்டிய பெரியவர்களின் பெயரை உபதேசியாரிடம் இன்றிரவே கொடுத்துவிடுங்கள். முன் இருக்கையில் உட்காருகிறவர்கள் ஒரு துண்டை நனைத்து நான்காக மடித்துக் கொண்டு வரவும். எஞ்சின் அடியில்தான் இருக்கிறது.